விளையாட்டின் நடுவே உறைந்து நிற்கும் கணினி: பழுது எங்கே என்று கண்டறிவது எப்படி? கொல்கத்தாவின் வெப்பமும் மின்சாரமும் சொல்லும் பாடம்

கொல்கத்தா: இணையவழி ஆட்டம் இறுதிக்கட்டத்தை எட்டும் வேளையில் திரை அசைவற்று நின்றுவிடுகிறது. ஒலி ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. விசைப்பலகையோ சுட்டியோ பதில் தருவதில்லை. மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கேமிங் கணினி வைத்திருப்போர் பலரும் 'ஹேங்' என்று குறிப்பிடும் சிக்கல் இதுதான்.

கொல்கத்தாவில் இத்தகைய கணினிகளுக்கான உதிரிபாகங்களைத் தேடுவோர் பெரும்பாலும் செல்லும் இடம், எஸ்பிளனேடு அருகே சித்தரஞ்சன் அவென்யூவை ஒட்டியுள்ள சாந்தினி சௌக் சந்தை. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, கொல்கத்தாவுக்கு இந்தச் சந்தை அப்படி. ஆனால் பழுது எதில் உள்ளது என்று அறியாமல் சந்தைக்குச் செல்பவர், முதலில் ரேம், பிறகு கிராஃபிக்ஸ் கார்டு, பிறகு மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தை இழக்கும் அபாயம் உள்ளது. மின்னணு விளையாட்டுகளைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் ஓர் அங்கமாக மத்திய அரசு 2022 டிசம்பரில் அங்கீகரித்த பிறகு, இதனைப் பொழுதுபோக்காக மட்டுமன்றிப் போட்டியாகவும் அணுகும் இளைஞர்களுக்குக் கணினியின் நம்பகத்தன்மை முக்கியமானதாகிவிட்டது.

காரணத்தை ஊகிக்காமல் படிப்படியாகக் கண்டறியும் முறையை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எல்லா உறைதலும் ஒன்றல்ல

முதலில் கவனிக்க வேண்டியது, கணினி எந்த விதத்தில் நிற்கிறது என்பதை.

ஓரிரு வினாடிகள் நின்று மீண்டும் தொடர்ந்தால், ரேம் போதாமை, சேமிப்பகத்தின் மந்தம், டிரைவர் மென்பொருள் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். விளையாட்டு மட்டும் மூடப்பட்டு விண்டோஸ் வழக்கம்போல் இயங்கினால், அந்த விளையாட்டின் கோப்புகள், கிராஃபிக்ஸ் டிரைவர், நிலையற்ற ரேம் அல்லது புராசசர் மீது ஐயம் கொள்ளலாம். கணினி முழுவதும் உறைந்து, அணைத்தால்தான் மீளும் என்றால் வன்பொருள் கோளாறுக்கு வாய்ப்பு அதிகம். நீலத்திரை தோன்றினால் அதிலுள்ள பிழைக் குறியீட்டைக் கைபேசியில் படம் எடுத்துவைப்பது நல்லது. எச்சரிக்கையின்றி அணைந்துபோனால் மின்சாரம், எஸ்எம்பிஎஸ், அளவுமீறிய வெப்பம் ஆகிய மூன்றும் முதல் வரிசையில் நிற்கின்றன.

ஒரு தாளில் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த விளையாட்டு, தொடங்கி எத்தனை நிமிடத்தில் நின்றது, அப்போது அறையில் குளிர்சாதனம் இயங்கியதா, அண்மையில் எதை மாற்றினீர்கள் என்பன அவை. ஒவ்வொரு முறையும் 20 நிமிடங்களுக்குப் பிறகே உறைகிறது என்றால் வெப்பம் படிப்படியாக உயர்வதைக் காரணமாகக் கருதலாம். தொடங்கிய உடனேயே உறைகிறது என்றால் வெப்பத்துக்கு வாய்ப்பு குறைவு.

விண்டோஸ் எழுதிவைக்கும் நாட்குறிப்பு

விண்டோஸில் உள்ள 'ஈவென்ட் வியூவர்', 'ரிலையபிலிட்டி மானிட்டர்' ஆகிய இரண்டும் கணினியின் நாட்குறிப்பு போன்றவை. உறைந்த நேரத்துக்கு அருகில் என்ன பதிவாகியுள்ளது என்று அவற்றில் பார்க்கலாம்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. உறைந்த கணினியை நீங்களே பொத்தானை அழுத்தி அணைத்தாலும் அதே பதிவு தோன்றும். அது விளைவைக் காட்டுகிறதே தவிர, காரணத்தைக் காட்டவில்லை.

மாறாக, 'வியா-லாகர்' என்ற பெயரில் பிழைகள் இருந்தால், வன்பொருள் தானே ஒரு பிழையை விண்டோஸுக்குத் தெரிவித்துள்ளது என்று பொருள். '4101' என்ற எண்ணில் பதிவு இருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவர் பதிலளிக்காமல் நின்று பிறகு மீண்டுள்ளது. கிராஃபிக்ஸ் கார்டு சுமார் 2 வினாடிகளுக்குள் பதில் தராவிட்டால் டிரைவரை விண்டோஸ் மீட்டமைக்கும் வகையில் அதன் இயல்பு அமைப்பு உள்ளது.

வெப்பம்: அறையிலிருந்தே தொடங்கும் கணக்கு

கொல்கத்தாவில் 2024 ஏப்ரல் 30 அன்று வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸாகப் பதிவானது. அத்தகைய நாள்களில் கணினியின் நிலை என்ன?

காற்றால் குளிரூட்டப்படும் எந்தப் பாகமும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே செல்ல இயலாது. ஒரு புராசசர் முழுச் சுமையில் அறையைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று கொள்வோம். 25 டிகிரி அறையில் அது 75 டிகிரியில் நிற்கும். அதே கணினி, அதே விளையாட்டு, 38 டிகிரி அறையில் 88 டிகிரியைத் தொடும். ஜனவரியில் தடையின்றி இயங்கிய கணினி மே மாதத்தில் திணறுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இன்டெல்லின் அண்மைக்கால மேசைக் கணினிப் புராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரியையும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைப் புராசசர்கள் பெரும்பாலும் 95 டிகிரியையும் உச்ச வரம்பாகக் கொண்டவை. அந்த வரம்பை நெருங்கும்போது அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே வெப்பத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் வேகக் குறைவாகவும் காட்சிகள் துண்டு துண்டாக ஓடுவதாகவும் இருக்கும். அதன் பிறகே திடீர் அணைவு நேரும். வெப்பநிலை 70 டிகிரியில் இருக்கும்போதே கணினி முழுவதுமாக உறைந்தால், புராசசரின் வெப்பத்தைக் குற்றம் சொல்லாமல் வேறு இடத்தில் தேட வேண்டும்.

வெப்பநிலையை அளக்க 'எச்டபிள்யு இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. அவற்றின் பதிவுக் கோப்பு வசதியை இயக்கிவிட்டு விளையாடினால், உறைவதற்கு முந்தைய வினாடி வரையிலான அளவுகள் கோப்பில் எஞ்சியிருக்கும். புராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி ஆகிய மூன்றின் அளவுகளையும் பார்ப்பது அவசியம்.

குளிர்காலத் தூசியும் மழைக்கால ஈரப்பதமும் சேர்ந்து மின்விசிறிகளிலும் வெப்பத் தகடுகளிலும் பசைபோல் படிகின்றன. கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, திறந்த வெளியில் வைத்து ஊதுகருவியால் தூய்மை செய்யலாம். அப்போது மின்விசிறியின் இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்துவைத்து விளையாடிப் பார்ப்பதும் எளிய சோதனையே. அப்போது உறைதல் குறைந்தால், காற்றோட்டம் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மின்சாரம்: ஒரு சுழற்சிக்கும் குறைவான நேரம்

கோடையில் கொல்கத்தாவைத் தாக்கும் 'கால்பைசாகி' எனும் மாலைநேரப் புயல்கள் மின்தடையை ஏற்படுத்துவது உண்டு. கண் சிமிட்டும் நேரம் மட்டுமே விளக்குகள் மங்கி மீளும் நிகழ்வுகளும் கணினிக்குச் சிக்கலானவையே.

நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு சுழற்சியின் நேரம் 20 மில்லி வினாடி. மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின் முழுச் சுமையில் எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டிய நேரம், அது பின்பற்றும் தரநிலையைப் பொறுத்து, சுமார் 12 முதல் 17 மில்லி வினாடி மட்டுமே. மின்விளக்கு அணைந்ததைக் கண் உணரும் முன்பே கணினி விழுந்துவிடக்கூடும். அதே இணைப்பில் குளிர்சாதனமோ நீர் மோட்டாரோ இயங்கத் தொடங்கும் தருணத்தில் உறைகிறதா என்று கவனிப்பது பயன் தரும்.

யுபிஎஸ் வைத்திருப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்கே மின்சாரம் தரும். வலிமையான கிராஃபிக்ஸ் கார்டு கொண்ட கணினி விளையாட்டின்போது அதனைக் கடந்துவிடும். விளையாட்டின்போது மட்டும் யுபிஎஸ் ஒலி எழுப்பி அணைகிறது என்றால் பழுது கணினியில் இல்லாமலிருக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பொறுத்தவரை, அட்டையில் அச்சிடப்பட்ட வாட் அளவு மட்டும் போதாது. நவீன கிராஃபிக்ஸ் கார்டுகள் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் தம் சராசரியைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கின்றன. இதனாலேயே 'ஏடிஎக்ஸ் 3.0' தரநிலை, 100 மைக்ரோ வினாடி நேரத்துக்குத் தன் மதிப்பைப்போல் 2 மடங்கு சுமையை எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும் என்று வகுத்தது. பழைய அல்லது மலிவான எஸ்எம்பிஎஸ்ஸுடன் புதிய கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தியவர்கள், காட்சி திடீரென மாறும் தருணங்களில் கணினி அணைவதைக் காண்பதற்கு இது ஒரு காரணம்.

எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ்ஸை வீட்டில் ஒருபோதும் திறக்கக் கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம்.

ரேம்: அமைதியான குற்றவாளி

ஒலி சிக்கிக்கொண்டு கணினி முழுவதும் உறையும் நிகழ்வுகளில் ரேமைச் சோதிக்காமல் விடக் கூடாது. ரேம் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வேகம் பெரும்பாலும் அதன் இயல்பான வேகம் அல்ல. பயாஸில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' என்ற அமைப்பை இயக்கினால்தான் அந்த வேகம் கிடைக்கும். தொழில்நுட்ப நோக்கில் அது ஓவர்கிளாக்கிங், அதாவது இயல்பை மீறிய இயக்கம். எல்லா மதர்போர்டும் எல்லாப் புராசசரும் அதனைத் தாங்கும் என்ற உறுதி இல்லை.

ஆகவே செலவே இல்லாத முதல் சோதனை, பயாஸில் அந்த அமைப்பை அணைத்துவிட்டு ஓரிரு நாள் விளையாடிப் பார்ப்பது. உறைதல் நின்றுவிட்டால் ரேமை மாற்றத் தேவையில்லை. வேகத்தை ஒரு படி குறைத்து அமைத்தால் போதுமானதாக இருக்கலாம்.

உறைதல் தொடர்ந்தால், 'மெம்டெஸ்ட்86' போன்ற சோதனை மென்பொருளை இரவு முழுவதும் இயக்கலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது புறக்கணிக்கத்தக்கதல்ல. பிறகு ஒரு நேரத்தில் ஒரு ரேம் பட்டையை மட்டும் பொருத்திச் சோதித்தால், பழுது பட்டையிலா, அது செருகப்படும் இடத்திலா என்பது தெரியவரும்.

கிராஃபிக்ஸ் கார்டும் சேமிப்பகமும்

டிரைவரைப் புதுப்பித்த பிறகே சிக்கல் தொடங்கியது என்றால், முந்தைய பதிப்புக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். பழைய கார்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியவர்கள், பழைய டிரைவரை முழுமையாக நீக்கிய பிறகு புதியதை நிறுவுவது நல்லது.

பயன்படுத்திய கார்டை வாங்கியவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. எத்தீரியம் மெய்நிகர் நாணய வலையமைப்பு 2022 செப்டம்பர் 15 அன்று தன் இயங்குமுறையை மாற்றியது. அதன் பிறகு அந்த நாணயத்தை ஈட்ட கிராஃபிக்ஸ் கார்டுகள் தேவைப்படவில்லை. இரவு பகலாக இயங்கிய ஏராளமான கார்டுகள் பழைய பொருள் சந்தைகளுக்கு வந்தன. அவை அனைத்தும் பழுதானவை அல்ல. எனினும் தேய்ந்த மின்விசிறி, உலர்ந்த வெப்பப் பசை, மாற்றப்பட்ட பயாஸ் ஆகியவற்றுக்கு வாய்ப்புண்டு. வாங்கும் இடத்திலேயே அரைமணி நேரம் முழுச் சுமையில் இயக்கிப் பார்த்த பிறகே பணம் தருவது நல்லது.

சில வினாடிகள் நின்று தொடரும் வகை உறைதலில் எஸ்எஸ்டியையும் ஹார்டு டிஸ்க்கையும் சோதிக்க வேண்டும். அவற்றின் உடல்நிலை அறிக்கையை இலவச மென்பொருள்கள் காட்டுகின்றன. எஸ்எஸ்டி நிரம்பி வழியும் நிலையில் இருந்தால் எழுதும் வேகம் குறையும். திடீர் மின்தடைகள் கோப்புகளைச் சிதைக்கக்கூடும் என்பதால், விண்டோஸிலேயே உள்ள வட்டு மற்றும் கோப்புச் சோதனைகளை இயக்கிப் பார்க்கலாம்.

பயனர் மீது தவறில்லாத இரு நிகழ்வுகள்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கணினி உறையலாம் என்பதற்கு உலகறிந்த இரு சான்றுகள் உள்ளன.

முதலாவது, இன்டெல்லின் 13 மற்றும் 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புராசசர்கள். விளையாட்டுகள் திடீரென மூடப்படுவதாகவும், காட்சி நினைவகம் போதவில்லை என்ற பொருளில் பிழைச் செய்தி வருவதாகவும் பயனர்கள் முறையிட்டனர். அந்தச் செய்தியை நம்பி கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பது இயல்பே. ஆனால் கோளாறு புராசசரில் இருந்தது. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைப் புராசசர் கோருவதற்கு அதன் மைக்ரோகோடு எனும் உள்நிரல் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்தது. அந்த மின்னழுத்தம் நாளடைவில் உள்ளிருக்கும் மின்சுற்றைத் தேய்த்துவிடுகிறது.

1.55 வோல்ட்டுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தும் திருத்தம் 2024 ஆகஸ்டிலும், அதனை விரிவுபடுத்திய திருத்தம் செப்டம்பரிலும் பயாஸ் புதுப்பிப்புகள் வழியே வழங்கப்பட்டன. ஏற்கெனவே தேய்ந்த புராசசரை இத்திருத்தம் குணப்படுத்தாது. ஆகவே பாதிக்கப்பட்ட வகைகளுக்கான உத்தரவாதத்தை இன்டெல் 2 ஆண்டுகள் நீட்டித்தது. பெட்டியில் விற்கப்பட்ட புராசசர்களுக்கு மொத்தம் 5 ஆண்டுகள் கிடைக்கின்றன. இத்தலைமுறைப் புராசசர் வைத்திருப்போர், வேறு எதையும் மாற்றும் முன் பயாஸ் பதிப்பைச் சரிபார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, ஏஎம்டி ரைசன் கணினிகள். அவற்றின் பாதுகாப்பு அமைப்பான 'எஃப்டிபிஎம்' மதர்போர்டிலுள்ள நினைவகச் சில்லை அணுகும்போது கணினி சற்று நேரம் திணறுவதாக 2022 மார்ச்சில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கான பயாஸ் திருத்தங்கள் அவ்வாண்டு மே மாதம் முதல் வெளிவந்தன. பழைய பயாஸுடன் இயங்கும் கணினிகளில் இச்சிக்கல் இன்றும் இருக்கலாம்.

பயாஸைப் புதுப்பிக்கும் முன் இரு முன்னெச்சரிக்கைகள் தேவை. 'பிட்லாக்கர்' குறியாக்கம் இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைத் தனியே எழுதிவைக்க வேண்டும். இல்லையெனில் கோப்புகளைத் திறக்க இயலாமல் போகலாம். அத்துடன், புதுப்பிப்பு நடக்கும்போது மின்தடை ஏற்பட்டால் மதர்போர்டு செயலிழக்கக்கூடும் என்பதால், புயல் அறிகுறி உள்ள மாலைகளில் இந்தப் பணியைத் தவிர்ப்பது நல்லது.

தேங்கிய நீரில் விளையாட்டு வேண்டாம்

கொல்கத்தாவில் 2025 செப்டம்பர் 23 அன்று, துர்கா பூஜைக்குச் சில நாள்களே இருந்த நிலையில், கனமழையால் நகரம் வெள்ளக்காடானது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தனர். தரைத்தளத்தில் வசிப்போர் கணினியையும் பல இணைப்புப் பலகையையும் தரையில் வைக்காமல் உயரத்தில் வைப்பது பாதுகாப்பானது. நீர் புகுந்த கணினியை 'இயங்குகிறதா பார்ப்போம்' என்று உடனே இயக்கக் கூடாது. வீட்டின் எர்த்திங் சரியாக உள்ளதா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பது, கணினிக்கும் அதனைத் தொடுபவருக்கும் பாதுகாப்பு.

சந்தைக்குச் செல்லும் முன்

பழுது கண்டறிவதில் பொன்விதி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டிரைவர், ரேம் அமைப்பு, பயாஸ் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால், சிக்கல் தீர்ந்தாலும் தீர்த்தது எது என்று தெரியாது. செலவில்லாத சோதனைகளை முதலிலும், பாகம் வாங்க வேண்டிய சோதனைகளை இறுதியிலும் வைத்துக்கொள்ள வேண்டும். நண்பரிடம் எஸ்எம்பிஎஸ் அல்லது கார்டை ஓரிரு நாள் இரவல் பெற்றுச் சோதிப்பது, புதிதாக வாங்கிப் பார்ப்பதைவிடச் சிறந்தது.

கடைக்குக் கணினியைக் கொண்டுசெல்லும்போது குறிப்புத் தாளையும், பதிவுக் கோப்பையும், உறைந்த திரையின் காணொளியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். கடையின் குளிரூட்டப்பட்ட அறையில் 10 நிமிடம் இயக்கினால் கணினி பழுதில்லாததுபோல் தோன்றலாம். 'எந்தப் பழுதும் இல்லை' என்ற பதிலுடன் திரும்பிவராமல் இருக்க இந்தச் சான்றுகள் உதவும்.

உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் பாகத்தை மாற்றித் தர விற்பனையாளர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் அடிப்படை, முறையான ஜிஎஸ்டி ரசீது. விலை குறைகிறது என்பதற்காக ரசீதின்றி வாங்குபவர், பழுது வரும் நாளில் அந்த உரிமையை நிலைநாட்ட இயலாமல் தவிக்க நேரிடும்.

உறைந்து நிற்கும் கணினி எரிச்சலூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு உறைதலும் ஒரு தடயத்தை விட்டுச்செல்கிறது. அதனைப் பொறுமையுடன் குறித்துவைப்பவருக்கு, பெரும்பாலும் ஒரே ஒரு பாகத்தை, சில நேரங்களில் பயாஸில் ஒரே ஓர் அமைப்பை மாற்றுவதே போதுமானதாக அமையும்.